பல எழுத்துகளை வாசித்த கற்பிட்டி மைந்தர்: சைமன் காசிச்செட்டி (1807 - 1860)



வகுப்பிலே ஒரு பந்தியை உரத்து வாசிக்கும்படி கேட்டால் உங்களிற் சிலர் தலையைக் குனிந்து கொள்கிறீர்கள். தமிழைச் சரளமாக வாசிக்கும் மாணவர் கூட சிங்களப் பந்தி வந்ததும் எழுத்தெழுத்தாகத் தடுமாறுகிறார். ஆங்கிலம் என்றால் புத்தகத்தையே மூடிவிடுகிறார். தமக்கு மொழி வராது, அது பிறவியிலேயே வரவேண்டியது என்று தமக்குத்தாமே தீர்ப்பும் கூறிக்கொள்கிறார். இந்தத் தீர்ப்பு சரியானதா? நமது புத்தளம் மாவட்டக் கரையோரத்திலே பிறந்து, பல மொழிகளை வாசித்த ஒருவரின் வரலாற்றைப் படித்தபின் நீங்களே முடிவு செய்யுங்கள். இடையிடையே, வாசிக்கும்போது நமது மூளையில் என்ன நடக்கின்றது என்பதையும் பார்ப்போம். அது தெரியாமல் இவரது சாதனையைச் சரியாக மதிப்பிட முடியாது.

1. பிறப்பும் ஊரும்

சைமன் காசிச்செட்டி 1807 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21 ஆம் திகதி கற்பிட்டியிற் பிறந்தார். தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வந்து குடியேறிய செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் இவருடையது. தந்தையார் பெயர் கபிரியேல் காசிச்செட்டி.

கற்பிட்டியின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். மேற்கே இந்து சமுத்திரம், கிழக்கே புத்தளம் களப்பு, நடுவே ஒடுங்கிய மணற் குடாநாடு. உப்பு, மீன், முத்து ஆகியவற்றை நாடி வந்த பலரையும் கண்ட கரை இது. போர்த்துக்கேயர் இங்கு வந்தனர். பின்னர் ஒல்லாந்தர் வந்து, 17 ஆம் நூற்றாண்டில் இன்றும் நிற்கின்ற கோட்டையைக் கட்டினர். ஒல்லாந்தர் வசமிருந்த கரையோரம் 1796 அளவில் பிரித்தானியர் கைக்கு மாறியது. காசிச்செட்டி பிறந்தபோது அம்மாற்றம் நிகழ்ந்து 11 ஆண்டுகளே ஆகியிருந்தன.

ஆகவே அக்காலக் கற்பிட்டியில் ஒரு சிறுவனைச் சூழ்ந்து பல மொழிகள் இருந்தன. வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ், உள்நாட்டு மக்களிடம் சிங்களம், பள்ளிவாசலில் அரபு, பழைய உத்தியோகத்தரின் ஆவணங்களில் ஒல்லாந்த மொழி, புதிய அரசாங்கக் கந்தோரில் ஆங்கிலம். இன்று நாம் பேசும் சொற்களிலும் அந்தச் சுவடு உண்டு. மேசை, ஜன்னல், அலுமாரி, சப்பாத்து என்பன போர்த்துக்கேயர் வழியாக வந்தவை. கந்தோர் ஒல்லாந்தர் தந்த சொல். இவற்றிற் பல சிங்களத்திலும் சிறு மாற்றத்துடன் வழங்குகின்றன.

2. பதினேழு வயது மொழிபெயர்ப்பாளர்

1824 ஆம் ஆண்டில், 17 வயதில், புத்தளப் பகுதி நீதிவான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இவர் பணியில் அமர்ந்தார். உங்களிற் பலர் க.பொ.த. சாதாரண தரம் எழுதி முடிக்கின்ற வயது அது.

இப்பணியின் பொறுப்பைச் சிந்தியுங்கள். நீதிபதிக்கு ஆங்கிலம் தெரியும். வழக்காளிக்குத் தமிழோ சிங்களமோ மட்டுமே தெரியும். தென்னந்தோட்டம் ஒன்றின் எல்லையைப் பற்றிய வழக்கு என்று வைத்துக்கொள்வோம். உறுதி பனையோலையில் எழுதப்பட்டிருக்கலாம். ஓலையில் எழுதுவோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி விடுவதுமில்லை. ஒரு சொல்லைப் பிழையாக வாசித்தால் ஒரு குடும்பத்தின் காணியே கைமாறிவிடலாம். நீதிபதிக்கும் அந்தப் பிழை தெரியாது. எழுத்தறியாத வழக்காளிக்கும் தெரியாது. இருவருக்கும் நடுவே நிற்பவர் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே. மொழியறிவு என்பது அங்கே பெருமைக்குரிய அலங்காரம் அன்று. பிறருடைய உரிமையைக் காக்கும் கடமை.

3. மூளை எவ்வாறு வாசிக்கின்றது?

மாணவர்களே, பேசுவதும் வாசிப்பதும் ஒரே தன்மையானவை அல்ல. குழந்தை பிறர் பேசக் கேட்டே பேசக் கற்கின்றது. எழுத்தை அவ்வாறு கற்பதில்லை. யாராவது கற்பிக்க வேண்டும். உலகில் எழுத்து தோன்றி ஏறத்தாழ 5000 ஆண்டுகளே ஆகின்றன. மனித மூளை அதற்கு மிக முன்பே இன்றைய வடிவத்தை அடைந்துவிட்டது. எனவே வாசிப்பதற்கென்றே பிறவியில் அமைந்த பகுதி எவருடைய மூளையிலும் இல்லை.

அப்படியானால் எவ்வாறு வாசிக்கிறோம்? முகங்களையும் பொருள்களையும் இனங்காணுகின்ற பகுதியில் ஒரு சிறிய இடம், பயிற்சியினால் எழுத்துகளை இனங்காணும் வேலைக்குப் பழக்கப்படுகின்றது. இது மூளையின் இடப்பக்கத்தில், பின்புறமாகக் கீழே அமைந்துள்ளது. இதனைச் சொல்லுருப் பகுதி எனலாம். பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களான ஸ்ரனிஸ்லாஸ் டெஹான், லோரன்ற் கோஹன் ஆகியோர் இதனை விரிவாக ஆராய்ந்தவர்கள்.

சொல்லுருப் பகுதி எழுத்துகளை இனங்கண்டதும் செய்தி இரு வழிகளிற் செல்கின்றது.

(அ) ஒலி வழி: எழுத்தை ஒலியாக மாற்றி, ஒலிகளைக் கூட்டி, சொல்லை அறிதல். புதிதாகக் கற்பவரும், அறியாத சொல்லைச் சந்திப்பவரும் இவ்வழியிற் செல்வர். இது மெதுவானது.

(ஆ) நேர் வழி: பழகிய சொல்லைக் கண்டவுடன் பொருளை அறிதல். இது விரைவானது. பலமுறை வாசித்த சொற்களுக்கே இவ்வழி திறக்கும்.

நமது கண் வரியின்மீது வழுக்கிச் செல்வதாக நினைக்கிறோம். உண்மையில் அது தாவித் தாவிச் செல்கின்றது. ஒவ்வொரு தாவலுக்கும் இடையில் ஏறத்தாழ கால் செக்கன் நிற்கின்றது. அந்நேரத்தில் ஒரு சில எழுத்துகளே தெளிவாகத் தெரியும். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிப்பவர் வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றது. பரீட்சையில் விடை தெரிந்திருந்தும் வினாவைப் பிழையாக விளங்கிக்கொண்டு புள்ளி இழப்பவர்கள் பலர். அவர்களுக்கு அறிவு குறைவு அன்று. வாசிப்புப் பயிற்சியே குறைவு.

4. பத்து மொழிகள், எத்தனை எழுத்துகள்?

காசிச்செட்டியின் வரலாற்றை எழுதியோர் அவர் அறிந்த மொழிகளாகத் தமிழ், சிங்களம், ஆங்கிலம், சமஸ்கிருதம், போர்த்துக்கேயம், ஒல்லாந்தம், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், அரபு ஆகியவற்றைக் குறிப்பிடுவர். பத்திலும் ஒரே அளவான புலமை இருந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் இப்பட்டியலைக் கண்டு மலைப்பதற்கு முன், அதனைப் பிரித்துப் பாருங்கள்.

ஆங்கிலம், போர்த்துக்கேயம், ஒல்லாந்தம், இலத்தீன் ஆகிய நான்குக்கும் எழுத்து ஒன்றே. ஒன்றைக் கற்றவரின் கண் மற்ற மூன்றின் எழுத்துகளையும் அறிந்திருக்கும். தமிழ், சிங்களம் இரண்டும் உருவத்தில் வேறுபட்டவை. ஆனால் இரண்டும் பண்டைய பிராமி எழுத்திலிருந்து வளர்ந்தவை. அமைப்பில் ஒற்றுமை உடையவை. கெ, கே, கை என்பவற்றைப் பாருங்கள். உயிரின் குறி மெய்யின் இடப்பக்கத்தில் நிற்கின்றது. ஆனால் ஒலிக்கும்போது மெய் முதலிலும் உயிர் பின்னரும் வருகின்றன. கண் காணும் ஒழுங்கை மூளை மாற்றி அடுக்குகின்றது. சிங்களத்திலும் எகரக் குறி இவ்வாறே இடப்பக்கம் நிற்கின்றது. தமிழ் வாசிக்கப் பழகிய மூளை இந்த வித்தையை ஏற்கனவே கற்றுவிட்டது. சமஸ்கிருதத்தின் எழுத்துகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

மற்ற எழுத்துகளில் புதிய சிரமங்கள் உண்டு. அரபும் எபிரேயமும் வலமிருந்து இடமாகச் செல்பவை. குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு சீரானது அன்று. தமிழ் வாசிப்பவர் எழுத்தைத் தெரிந்தால் சொல்லை ஏறக்குறைய உச்சரித்துவிடலாம். ஆங்கிலத்தில் பல சொற்களின் உருவத்தை முழுமையாக மனத்தில் இருத்த வேண்டும். அதற்காகத் தமிழில் சிக்கலே இல்லை என்று கூற முடியாது. பல், பம்பரம் என்ற இரு சொற்களையும் சொல்லிப் பாருங்கள். ப என்ற ஒரே எழுத்து முன்னதில் ஒரு விதமாகவும் பின்னதன் நடுவில் வேறு விதமாகவும் ஒலிக்கின்றது. அதை நீங்கள் யோசிக்காமலே செய்கிறீர்கள். ஒரு காலத்தில் அதுவும் கடினமாகத்தான் இருந்தது, மறந்துவிட்டீர்கள்.

இரு மொழிகளை வாசிப்பவரின் மூளையில் இரண்டுக்கும் தனித்தனி அறைகள் உண்டா? பெரும்பாலும் இல்லை. 2023 ஆம் ஆண்டில் வெளியான பிரான்ஸ் நாட்டு ஆய்வொன்றில், ஆங்கிலமும் பிரெஞ்சும் வாசிப்போரின் சொல்லுருப் பகுதியிலுள்ள அதே சிறு புள்ளிகளே இரு மொழிக்கும் இயங்கின. ஆங்கிலமும் சீனமும் வாசிப்போரிடம், அவற்றோடு சீன எழுத்துக்கு மட்டும் சிறப்பாக இயங்கும் சில புள்ளிகளும் காணப்பட்டன. எழுத்துமுறை மிகவும் வேறுபடும்போது மூளை சற்று இடம் ஒதுக்குகின்றது என்பது இதன் கருத்தாகும்.

சொற்களும் மொழிவாரியாகப் பூட்டி வைக்கப்படுவதில்லை. சப்பாத்து என்ற சொல்லை அறிந்த தமிழ் மாணவர் சிங்களத்தில் சபத்து என்று வாசிக்கும்போது விரைவில் பொருள் உணர்கிறார். எழுத்து வேறாயினும் ஒலியும் பொருளும் ஒத்த சொற்கள் ஒன்றையொன்று எழுப்புகின்றன. சில வேளை இது ஏமாற்றவும் செய்யும். மல்லி என்றால் தமிழில் கொத்தமல்லியையோ மல்லிகையையோ குறிக்கும். சிங்களத்தில் தம்பியைக் குறிக்கும். இரண்டு கருத்துகளும் எழ, இடம் பார்த்து ஒன்றை மூளை தெரிவு செய்கின்றது. கற்பிட்டிச் சிறுவனுக்குத் தெருவே இப்பயிற்சியைக் கொடுத்தது. உங்களுக்கும் கொடுக்கின்றது.

5. பதவிகளும் நூல்களும்

நீதிமன்றப் பணியில் தொடங்கிய காசிச்செட்டி, புத்தளப் பகுதியின் மணியகாரராகவும் முதலியாராகவும் உயர்ந்தார். கடமைக்காகச் சென்ற இடங்களின் செய்திகளைத் திரட்டினார். 1834 ஆம் ஆண்டில், 27 வயதில், இலங்கையின் ஊர்கள், துறைமுகங்கள், ஆறுகள், குளங்கள் முதலியவற்றை அகர வரிசையில் விளக்கும் இலங்கை கசற்றியர் என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். அது கோட்டையிலிருந்த திருச்சபை மிசன் அச்சகத்தில் அச்சிடப்பட்டது.

1838 ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபையில் தமிழ்ப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டு 1845 வரை பணியாற்றினார். பின்னர் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்க்கப்பட்டார். அச்சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையர் இவரே என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். மொழிபெயர்ப்பாளராக நீதிமன்றத்தில் நின்றவர் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தார்.

உத்தியோகத்திற்கிடையே ஆய்வையும் அவர் விடவில்லை. பரதவர் வரலாறு பற்றிய இவரது கட்டுரை 1837 இல் இலண்டன் ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. அக்கழகத்தின் இலங்கைக் கிளையில், முஸ்லிம்களின் தமிழ்க் காப்பியமான சீறாப்புராணத்தை ஆராய்ந்து எழுதினார். சமூகத்தால் ஒதுக்கப்பட்டிருந்த ரொடியர் எனும் மக்களைப் பற்றி எழுதி, அவர்களின் சொற்களையும் பதிவு செய்தார். அச்சொற்களுக்குத் தனி எழுத்து இல்லை. காதால் கேட்டதைக் கண்ணால் வாசிக்கத்தக்கதாக மாற்றினார். ஒரு கிறிஸ்தவர் இஸ்லாமியக் காப்பியத்தையும் ஒதுக்கப்பட்டோரின் பேச்சையும் ஒரே கவனத்துடன் ஆராய்ந்தார் என்பது நாம் மனங்கொள்ள வேண்டியதாகும்.

இவரது புகழுக்குக் காரணமான நூல் தமிழ் புளூட்டாக். பண்டைய கிரேக்க எழுத்தாளரான புளூட்டாக் பெரியோர் பலரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர். அவர் பெயரையே தமது நூலுக்குச் சூட்டி, தென்னிந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்த ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைச் சுருக்கமாக ஆங்கிலத்தில் எழுதினார். 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. தமிழ் நூல்கள் பல ஏட்டுச் சுவடிகளாகவே இருந்த காலம் அது. சுவடியில் புள்ளியும் இல்லை, இடைவெளியும் இல்லை என்று முன்னர் கூறினோம். சொல்லை எங்கே பிரிப்பது என்பதைப் பொருளறிந்தே தீர்மானிக்க வேண்டும். அவ்வகை வாசிப்புக்குக் கண் மட்டும் போதாது, சொல்வளமும் வேண்டும்.

6. குறைகளும் மதிப்பீடும்

புலவர்களின் காலத்தைக் கணிப்பதில் இந்நூலில் பிழைகள் உண்டு. செவிவழிக் கதைகளையும் அவர் சேர்த்துள்ளார். சங்க நூல்களிற் பெரும்பாலானவையும் அப்போது அச்சேறவில்லை. கலித்தொகை 1887 இலும், பத்துப்பாட்டு 1889 இலும், புறநானூறு 1894 இலுமே அச்சில் வந்தன. கிடைத்ததைக் கொண்டே அவர் எழுதினார்.

தமிழ்ப் புலவர் பற்றித் தமிழர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதால் தமிழ் மட்டும் அறிந்தோர் அதைப் படிக்க முடியவில்லை என்பதும் உண்மையே. ஆனால் அதனைப் படித்தறிந்த யாழ்ப்பாணத்து ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் பாவலர் சரித்திர தீபகம் என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். பிற மொழியை வாசிக்கத் தெரிந்த ஒருவரால் தமிழுக்கே தமிழ்ச் செல்வம் திரும்பி வந்தது. பிற மொழி கற்றால் தாய்மொழி கெட்டுவிடும் என்று அஞ்சுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். தாய்மொழியைக் கைவிட்டால்தான் அது கெடும். நமது கரையோரத்தில் தமிழ் பேசிய குடும்பங்கள் பல ஓரிரு தலைமுறைகளில் தமிழ் எழுத்தை வாசிக்க முடியாதனவாகி விட்டன. அவர்கள் சிங்களம் கற்றது குற்றமன்று. தமிழ் வாசிப்பை நிறுத்தியதே இழப்பு.

7. மறைவும் பின் வந்த அறிவும்

சைமன் காசிச்செட்டி 1860 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 5 ஆம் திகதி, 53 வயதிற் காலமானார்.

அடுத்த ஆண்டில், 1861 இல், போல் புரோக்கா என்ற பாரிஸ் நகர வைத்தியர், பேச்சிழந்த நோயாளி ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, பேச்சுக்கும் மூளையின் இடப்பக்க முன்பகுதிக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். 1892 இல் ஜூல் டெஜெறின் என்ற வைத்தியர் இன்னும் வியப்பான செய்தியைத் தந்தார். மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்ட ஒருவர் நன்றாகப் பேசினார்; பிறர் சொல்லச் சொல்ல எழுதினார்; ஆனால் தாம் எழுதியதையே அவரால் வாசிக்க முடியவில்லை. வாசிப்புக்கு மூளையில் தனியிடம் ஒன்று பழக்கப்படுகின்றது என்ற அறிவின் தொடக்கம் இதுவே. தாம் வாழ்நாள் முழுதும் பயன்படுத்திய அந்த இடத்தைப் பற்றி காசிச்செட்டிக்கு எதுவும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வயது கடந்துவிட்டது என்று எண்ணுவோருக்கும் ஒரு செய்தி உண்டு. இந்தியாவில் இலக்னோ நகருக்கு அருகிலுள்ள கிராமங்களில், எழுத்தறியாத, ஏறத்தாழ 30 வயதுடைய பெண்களுக்கு ஆறு மாதங்கள் இந்தி எழுத்து கற்பிக்கப்பட்டது. அவர்களின் மூளையின் இயக்கத்தில் தெளிவான மாற்றம் ஏற்பட்டதாக 2017 இல் வெளியான ஆய்வு காட்டியது. 30 வயதில் முடியுமாயின் 15 வயதில் முடியாதா?

இனி முதலிற் கேட்ட வினாவுக்கு வருவோம். மொழி பிறவியில் வரவேண்டியதா? பேச்சுக்கான ஆற்றல் பிறவியில் வருகின்றது. வாசிப்பு பயிற்சியில் வருகின்றது. நீங்கள் தடுமாறும்போது மூளை ஒலி வழியிற் செல்கின்றது. எல்லோரும் அவ்வழியாகவே வந்தனர். காசிச்செட்டியும் ஒவ்வொரு புதிய எழுத்தையும் தொடங்கும்போது அவ்வழியாகவே வந்திருப்பார். தினமும் 15 நிமிடம் ஒரு சிங்களப் பந்தியை அல்லது ஆங்கிலப் பந்தியை உரத்து வாசியுங்கள். அதே பந்தியை மறுநாளும் வாசியுங்கள். பழகிய சொற்கள் ஒவ்வொன்றாக நேர் வழிக்கு மாறுவதை நீங்களே உணர்வீர்கள். உங்கள் வீட்டிலே கடிதத்தையோ மருந்துத் துண்டையோ வாசிக்க முடியாமல் உங்களிடம் நீட்டுகின்ற பெரியவர் ஒருவர் இருப்பார். அவருக்குச் சரியாக வாசித்துச் சொல்லுங்கள். காசிச்செட்டி தமது 17 வயதில் தொடங்கிய பணியும் அதுதான்.

நினைவிற் கொள்க

1807 - கற்பிட்டியிற் பிறப்பு
1824 - நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்
1834 - இலங்கை கசற்றியர்
1838 முதல் 1845 வரை - சட்டநிரூபண சபை உறுப்பினர்
1859 - தமிழ் புளூட்டாக்
1860 - மறைவு

பயிற்சி வினாக்கள்

1. சைமன் காசிச்செட்டியின் இளமைக்காலக் கற்பிட்டியில் வழங்கிய மொழிகள் நான்கினைக் குறிப்பிடுக.
2. வாசிப்பின் ஒலி வழி, நேர் வழி ஆகியவற்றை வேறுபடுத்துக.
3. ஓலைச் சுவடியை வாசிப்பதிலுள்ள சிரமங்கள் இரண்டினைத் தருக.
4. தமிழ் புளூட்டாக் நூலின் சிறப்பு ஒன்றையும் குறை ஒன்றையும் விளக்குக.
5. பிற மொழிக் கல்வி தாய்மொழிக்குப் பயன்படுமா? காசிச்செட்டியின் வாழ்வை ஆதாரமாகக் கொண்டு 200 சொற்களில் கட்டுரை எழுதுக.